கயிற்றில் பாறை இறங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை விளிம்பில் முதன்முறையாகப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளிலும் மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைகளிலும் வார இறுதிக் குழுக்களோடு இறங்கிய ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நேரே கயிற்றைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட வேண்டாம். பயிற்றுநர் ஒன்றைச் செய்யச் சொன்னால் அது ஏன் என்று புரிவதற்கும், அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் கேட்பதற்கும்தான் இது.

ராப்பெல்லிங், அப்சைலிங் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் வேறு வேறா?

இரண்டும் ஒன்றுதான். அப்சைலிங் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. கயிற்றால் கீழிறங்குவது என்று பொருள். ராப்பெல் பிரெஞ்சுச் சொல். திருப்பி அழைப்பது என்று பொருள். யாரைத் திருப்பி அழைப்பது? கயிற்றைத்தான். கயிற்றை மேலே ஒரு பிடிப்பில் சுற்றி இரட்டையாகத் தொங்கவிட்டு, இறங்கி முடித்ததும் ஒரு நுனியை இழுத்தால் கயிறு முழுவதும் கையோடு வந்துவிடும். பிரான்ஸின் ஷாமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ஜான் ஷார்லே-ஸ்ட்ராட்டன் 1876இல் பெத்தி த்ரூ சிகரத்தில் ஏற முயன்று தோற்றுத் திரும்பியபோது இந்த முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். 1879இல் அதே சிகரத்தில் ஏறியும் காட்டினார். இந்த வித்தையே ஒரு தோல்வியிலிருந்து திரும்பி வரும் வழியில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஏறுவதைவிட இறங்குவது எளிதுதானே?

உடம்புக்கு எளிது, அதனால்தான் ஆபத்து. ஏறும்போது உங்களைத் தாங்குவது உங்கள் கையும் காலும். கயிறு காவலுக்கு நிற்கிறது, நீங்கள் வழுக்கினால் மட்டுமே அதற்கு வேலை. இறங்கும்போது விளிம்பைத் தாண்டிய கணத்திலிருந்து தரையைத் தொடும் வரை உங்கள் முழு எடையும் கயிற்றிலும், கருவியிலும், மேலே கட்டிய பிடிப்பிலும்தான் இருக்கிறது. கயிறுதான் அப்போது உங்களுக்குத் தரை. அதில் ஓர் இணைப்பு தவறினாலும் பிடித்துக்கொள்ள வேறொன்று கிடையாது. அதனால்தான் கை வலுவில்லாத புதியவர்கள் பத்திரமாக இறங்கிவிடுவதும், இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் ஒரு சோதனையை மறந்து விழுவதும் நடக்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிறு அறுந்துவிடாதா?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. கவலைப்பட வேண்டிய வரிசையில் கடைசியில் வருவதும் இதுதான். ஐரோப்பியத் தரமான இஎன் 1891இல் ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது 2,200 கிலோவுக்கும் மேல். முடிச்சுப் போட்டால் வலு குறையும். அப்போதும் 15 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது அதே தரம். நிதானமாக இறங்கும் 80 கிலோ மனிதர் கயிற்றின் மேல் போடும் சுமை ஒரு கிலோ நியூட்டனுக்கும் குறைவு.

கூர்மையான விளிம்பு மட்டும் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். எடை தொங்கும் கயிறு பாறையின் கூர்முனையில் பக்கவாட்டில் உரசினால், 2,000 கிலோ தாங்கும் கயிறும் ரம்பத்தில் வைத்த மரம்போல அறுபடும். கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் சாக்கு, பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு, தடித்த கம்பளம் என்று ஏதாவது ஒன்றைப் போட்டு, அது நழுவாமல் கட்டவும் வேண்டும். இரும்புச் சாமான் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய சாக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கயிற்றைக் காப்பாற்றுகிறது.

கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் நைலான் கயிறு போதாதா? தடிமனாகத்தானே இருக்கிறது?

போதாது. லாரியில் சரக்குக் கட்டும் கயிற்றுக்கு மனிதனைத் தாங்கும் தரச்சான்று கிடையாது. அதன் இழைகள் வெளியே இருப்பதால் உரசும் ஒவ்வொரு முறையும் வலுத் தரும் இழையே தேய்கிறது. மலையேற்றக் கயிறு வேறு அமைப்பு. உள்ளே பாரம் தாங்கும் இழைக்கற்றை, வெளியே அதைக் காக்கும் பின்னல் உறை. இந்த உறைக்கயிற்றை ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் 1953இல் கொண்டுவந்தது.

மலையேற்றக் கயிற்றிலும் இரண்டு இனம் உண்டு. நீளும் கயிறு, விழுபவரை ரப்பர்போல ஏந்திக்கொள்வதற்கு. நீளாக் கயிறு, இறங்குவதற்கும் மீட்புப் பணிக்கும். அதன் நீட்சி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீளும் கயிற்றில் இறங்க முடியாது என்றில்லை, மலையேறுபவர்கள் தினமும் இறங்குகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் முப்பது பேரை இறக்கும்போது அது மேலும் கீழும் ஊஞ்சலாடி விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். குழுவாக இறங்க 10 முதல் 11 மி.மீ. தடிமனுள்ள நீளாக் கயிறே ஏற்றது. அதே கயிற்றைப் பாறையேற்றத்துக்குக் காவலாகப் பயன்படுத்தக் கூடாது. விழுந்தால் இடுப்பெலும்பு பதில் சொல்லும்.

என் எடை 85 கிலோ. ஒற்றைக் கையால் எப்படிப் பிடித்துக்கொண்டு இறங்குவது?

முரட்டுக் காளையின் கயிற்றை வெறுங்கையால் பிடிப்பவர் இழுபட்டுப் போவார். அதே கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடித்தால் பத்து வயதுப் பையன்கூட நிறுத்திவிடுவான். காளையின் பலம் குறையவில்லை. மரம் அதை வாங்கிக்கொண்டது. உராய்வு கயிறு சுற்றும் கோணத்தோடு கூட்டலாக அல்ல, பெருக்கலாக வளரும். உராய்வுக் குணகத்தை 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றில் பிடிக்கும் விசை ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றில் 40 மடங்கைத் தாண்டும். இடுப்பில் மாட்டும் இறங்கு கருவி அந்த மரம்தான். உங்கள் கைக்கு வருவது சில கிலோ இழுப்பு மட்டுமே.

ஆனால் அந்தச் சில கிலோவை விட்டுவிட்டால் கருவி ஒன்றும் செய்யாது. கீழே போகும் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்குப் பிரேக் கை என்று பெயர். இடுப்புக்கருகே, சற்றுப் பின்னால் அது இருக்க வேண்டும். மூக்கு அரித்தாலும், கொசு கடித்தாலும், மேலிருந்து யாராவது படம் எடுக்கக் கையசைக்கச் சொன்னாலும் அந்தக் கை கயிற்றை விடக் கூடாது. பயந்தவர்கள் முதலில் செய்வது, மேலே போகும் கயிற்றை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொள்வது. உடம்பின் இயல்பு அது, பயிற்சியில்தான் மாறும்.

எட்டு வடிவ வளையம் நல்லதா, வேறு கருவி வாங்கலாமா?

இந்தியாவில் பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் எட்டு வளையம்தான் கையில் கொடுப்பார்கள். விலை குறைவு, உறுதி, ஈரக் கயிற்றிலும் ஓடும். அதன் குறை கயிற்றை முறுக்கிவிடுவது. பத்துப் பேர் இறங்கியதும் கீழே கயிறு இடியாப்பமாகிக் கிடக்கும். குழல் வடிவக் கருவிகள் முறுக்காது. கையை விட்டால் தானே பூட்டிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. அவற்றிலும் கயிற்றைத் தலைகீழாக மாட்டினால் பூட்டாது. தானே நிறுத்தும் கருவி என்று நம்பிப் பிரேக் கையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் ஒன்றை நன்றாகப் பழகுங்கள். கருவியே கீழே விழுந்துவிட்டால் ஒரு பூட்டுக் காரபினரும் (பூட்டும் கதவுள்ள உலோகக் கொக்கி), கயிற்றை அதில் சுற்றி உராய்வு தரும் இத்தாலிய முடிச்சும் போதும். அதையும் தரையில் வைத்தே கற்றுக்கொள்ளுங்கள்.

ராணுவ வீரர்கள்போலத் துள்ளித் துள்ளி இறங்கலாமா?

வேண்டாம். துள்ளிவிட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள பிடிப்பு உங்கள் எடையின் சில மடங்கைத் தாங்க நேர்கிறது, விளிம்பில் கயிறு அடி வாங்குகிறது. இது ஒரு காரணம்.

சூடு இன்னொரு காரணம். 70 கிலோ மனிதர் 30 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 20,600 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். நூறு கிராம் அலுமினிய வளையத்திலேயே அத்தனையும் தங்கினால் அதன் வெப்பம் 200 டிகிரிக்கு மேல் ஏறும். நல்லவேளையாக அதில் பெரும்பகுதி கயிற்றுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது, நீங்கள் மெதுவாக இறங்கினால். நைலான் உருகுவது 220 முதல் 260 டிகிரிக்குள். வேகமாக இறங்கி நடுவில் சட்டென்று நின்றால் கொதிக்கும் வளையம் கயிற்றின் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். உறை பளபளவென்று உருகி இறுகிய கயிறுகளைக் கையால் தடவினாலே தெரியும். கீழே போய்ச் சேர்ந்ததும் வளையத்தைத் தொடும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

கயிற்றை மேலே எதில் கட்டுவது? மரம் போதுமா?

இந்தத் துறையின் உண்மையான படிப்பு இங்கேதான் இருக்கிறது. இறங்கும் வித்தையை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிடிப்பு அமைக்க ஆண்டுகள் ஆகும். ஆங்கர் என்று இதைச் சொல்வார்கள்.

மரம் போதும், அது உயிரோடு இருந்தால். வேர் மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தால். அடிமரம் தொடையைவிடத் தடிமனாக இருந்தால். பாறை இடுக்கில் ஒரு பிடி மண்ணில் நிற்கும் மரம் பார்வைக்குப் பெரிதாக இருக்கும், வேர் தட்டுபோலப் பரவியிருக்கும். கட்டும்போது தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். மார்பளவு உயரத்தில் கட்டினால் நெம்புகோல் வைத்து மரத்தைப் பிடுங்கும் வேலையை நீங்களே செய்கிறீர்கள். பெரிய உருண்டைக் கல் என்றால், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ராமநகரத்துக் கருங்கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். சஹ்யாத்ரி வேறு; எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் அது. அடுக்குகளுக்கு இடையே மழைநீர் புகுந்து, பெரிய பலகைகள் வெறுமனே சாய்ந்து நிற்கும். தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே கட்டக் கூடாது.

ஒரே பிடிப்பை நம்பி இறங்கக் கூடாது. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி குறைந்தது இரண்டு, அவையும் ஒரே கல்லிலோ ஒரே விரிசலிலோ இல்லாமல். இரண்டையும் சேர்க்கும்போது இடையிலுள்ள கோணத்தைக் கவனியுங்கள். இருவர் சேர்ந்து ஒரு குடத்தைத் தூக்கும்போது நெருங்கி நின்றால் லேசாக இருக்கும். விலகி நின்றால் கை இற்றுப் போகும். இங்கும் அதே கணக்கு. கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொரு பிடிப்புக்கும் சுமையில் 58 சதவீதம். 90 டிகிரியில் 71 சதவீதம். 120 டிகிரியில் ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமை. பகிர்ந்ததில் லாபமே இல்லை. 150 டிகிரிக்குப் போனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரு மடங்கு சுமக்கிறது. 60க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் ஏற்கெனவே யாரோ கட்டிய பட்டையும் வளையமும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

பாறைத் தேன் எடுக்கப் போகிறவர்கள் சாத்தி ஏறிய கணுமூங்கில் ஏணிக்குப் பழந்தமிழில் மால்பு என்று பெயர். மலையில் கிடந்த பழைய மால்பில் அதன் நிலை அறியாமல் ஏறியவனை மடவோன் என்கிறது ஒரு சங்கப் பாடல். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

வெயில் நைலானைத் தின்னும். சிவப்புப் பட்டை இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தால், தொட்டால் மொரமொரவென்று இருந்தால், கத்தியால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் பட்டையைக் கட்டுங்கள். பாறையில் துளையிட்டு இறுக்கிய போல்ட் என்றால் துரு, தளர்வு, சுற்றிலும் பாறையில் வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அருவி ஓரத்திலும் கடலோரத்திலும் இரும்பு வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் அரித்திருக்கும்.

இதே சோதனை உங்கள் உடம்பில் மாட்டியிருப்பவற்றுக்கும் உண்டு. டாட் ஸ்கின்னர் உலகமறிந்த பாறையேறி. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் கயிற்றில் இறங்கும்போது அவருடைய ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக் கச்சை) முன்வளையம் அறுந்து விழுந்து இறந்தார். தேய்ந்து போயிருந்த வளையம் அது.

மேலிருந்து பார்த்தால் கயிறு தரையைத் தொடுகிறதா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

தெரியவில்லை என்றால் தொடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடுங்கள். இரட்டைக் கயிறு என்றால் இரண்டு நுனியிலும் தனித்தனியாக. கயிறு தீர்ந்துபோனால் முடிச்சு கருவியில் முட்டி உங்களை நிறுத்தும். முடிச்சு இல்லையென்றால் நுனி கருவி வழியாக நழுவிப் போய்விடும்.

பிராட் கோப்ரைட் என்ற அமெரிக்கப் பாறையேறி கயிறில்லாமலே பெரும் பாறைகளில் ஏறியவர். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் போத்ரேரோ சிக்கோவில் அவரும் நண்பரும் 80 மீட்டர் கயிறு ஒன்றின் இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். கயிறு நடுவில் சரியாகப் பங்கிடப்படவில்லை, நுனியில் முடிச்சும் இல்லை. ஒரு பக்கம் தீர்ந்தது. கோப்ரைட் இறந்தார், நண்பர் ஒரு திட்டில் விழுந்து பிழைத்தார். கோப்ரைட்டின் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. முடிச்சுப் போடப் பத்து விநாடி.

கயிற்றின் நடுப்புள்ளியில் வண்ணக் குறி இருக்கும் கயிறாக வாங்குங்கள். பாதியில் கத்தரித்த கயிறு என்றால் அந்தக் குறி பொய் சொல்லும்.

மயக்கம் வந்தோ கல் பட்டோ கை நழுவினால்?

அதற்காகத்தான் இரண்டாவது பாதுகாப்பு. மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு. புதியவர்களை இறக்கும்போது மேலிருந்து தனிக் கயிறு ஒன்றை அவர்கள் ஹார்னஸில் கட்டி, பயிற்றுநர் அதைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருப்பார். இது முதல் வழி, முதன்முறை இறங்குபவருக்கு இது கட்டாயம் வேண்டும். இரண்டாவது, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பது. மேலே இருப்பவர் கையை விட்டால் இவர் கயிற்றை இழுத்து இறுக்கினாலே அவர் நின்றுவிடுவார். பிடித்திருப்பவர் கைபேசி பார்க்காமல் இருந்தால்.

மூன்றாவது புரூசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் விவரித்தது. 5 அல்லது 6 மி.மீ. மெல்லிய கயிற்று வளையத்தை முதன்மைக் கயிற்றில் சில சுற்றுச் சுற்றி ஹார்னஸோடு இணைப்பார்கள். கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும். இறங்குபவர்கள் இதே இனத்து முடிச்சு ஒன்றைக் கருவிக்குக் கீழே போட்டுக்கொள்வார்கள். வளையம் நீளமாகிக் கருவியைத் தொட்டுவிட்டால் முடிச்சு பிடிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று: பதறியவர் முடிச்சையே இறுகப் பற்றிக்கொண்டு சறுக்கினால் அது அவரோடு சேர்ந்தே சறுக்கும். விட்டால்தான் பிடிக்கும். பதற்றத்தில் இருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு நாலைந்து முறை கையை விடச் செய்வதுதான் நான் கண்ட வழி.

என்ன உடை அணிய வேண்டும்?

தொங்குவது எதுவும் கூடாது. துப்பட்டா, தளர்ந்த சட்டை முனை, கழுத்துச் சங்கிலி, பின்னல், தாடி. கருவி கயிற்றை இழுப்பதுபோலவே துணியையும் முடியையும் உள்ளே இழுக்கும். உங்கள் எடையே அதை இறுக்கும். ஆரம்ப நாட்களில் என் சட்டை முனை எட்டு வளையத்தில் மாட்டி, தரையிலிருந்து பதினைந்து மீட்டர் உயரத்தில் கால்மணி நேரம் தொங்கியிருக்கிறேன். மேலிருந்தவர் இன்னொரு கயிற்றில் வந்து என்னைத் தூக்கி விடுவித்தார். சட்டையோடு போயிற்று, முடியாக இருந்திருந்தால் கத்தியைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும். எடை தாங்கும் கயிற்றின் அருகே கத்தியா என்று யோசித்துப் பாருங்கள். கூந்தலைக் கொண்டையிட்டுத் தலைக்கவசத்துக்குள் செருகுங்கள்.

தலைக்கவசம் மலையேற்றத்துக்கானதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் காதை அடைத்து, மேலே பார்க்கவும் விடாது. காலணியின் அடி ரப்பராக இருக்கட்டும். கையுறை தோலில் என்றால் நல்லது, மிகப் பெரிதாக இருந்தால் அதுவும் கருவிக்குள் போகும்.

விளிம்பைத் தாண்டும் முதல் அடிதான் பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். பயப்படாதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். நிமிர்ந்து நின்றால் கால் வழுக்கி முகம் பாறையில் மோதும். நாற்காலியில் உட்காருவதுபோலப் பின்னால் சாயுங்கள். காலைத் தோளகலத்துக்கு விரித்து, பாதம் முழுவதும் பாறையில் பதிய, உடம்பு ‘ட’ எழுத்துப்போல மடங்கட்டும். மனம் பாறையைக் கட்டிக்கொள்ளச் சொல்லும், கேட்காதீர்கள். சாயச் சாயப் பிடிமானம் கூடும். கயிறு இணைக்கும் இடம் உங்கள் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் விளிம்பைத் தாண்டுவது எளிது; பயிற்றுநர் இதை யோசித்து அமைத்திருக்கிறாரா என்பதும் அவர் தரத்தைக் காட்டும்.

கிளம்பும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே போங்கள், கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால். ஹார்னஸ் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்கிறதா, கொக்கியில் திருப்பி நுழைத்திருக்கிறதா. கருவியில் கயிறு சரியாகப் போகிறதா, இரட்டைக் கயிறென்றால் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா. காரபினர் பூட்டியிருக்கிறதா, அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் 20 கிலோ நியூட்டன் தாங்கும் காரபினர் கதவு திறந்திருந்தால் 7 தாங்கினாலே பெரிது. பிறகு பிடிப்பு, முடிச்சுகள், தலைக்கவசம்.

கடைசியாக ஒன்று. பிடிப்போடு உங்களைச் சிறு பட்டையால் கட்டிக்கொண்டிருக்கும்போதே, கருவியில் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து பாருங்கள். எல்லாம் தாங்குகிறது என்று கண்ட பிறகே அந்தப் பட்டையைக் கழற்றுங்கள். ஏதாவது தவறாக மாட்டியிருந்தால் அது இங்கே தெரியட்டும்.

ஒருவர் நடுவில் அசைவற்றுத் தொங்கினால் உதவி வரும் வரை காத்திருக்கலாமா?

கூடாது. ஹார்னஸில் அசையாமல் தொங்குபவரின் காலில் ரத்தம் தேங்கும். நினைவிழந்தவருக்கு அது சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே கீழே இறக்க வேண்டும். நினைவோடு சிக்கியிருப்பவரிடம் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், ஒரு பட்டையில் வளையம் போட்டுக் கொடுத்து அதில் மிதித்து நிற்கச் செய்யுங்கள். தொங்குபவரை இறக்க எப்படி வழி வைத்திருக்கிறோம் என்பதற்கு முன்கூட்டியே பதில் இல்லாத குழுவோடு நான் இறங்க மாட்டேன்.

மழைக்காலத்தில் அருவியோடு இறங்கலாமா?

மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் ஒவ்வொரு பருவமழைக்கும் இதற்காகவே கூட்டம் கிளம்புகிறது. அழகுதான். ஆனால் இது தனி வித்தை, பாறையில் கற்றது அப்படியே இங்கே செல்லாது. எடுத்துக்காட்டாக, நுனி முடிச்சு. மேலே அத்தனை வலியுறுத்தினேன் அல்லவா? அருவி விழும் கசத்தில் அதே முடிச்சு உங்களை மூழ்கடிக்கும். சுழிக்கும் நீரில் கருவியிலிருந்து கயிற்றை உருவ முடியாமல் முடிச்சு தடுத்தால், தலைக்கு மேல் அருவி கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் தேர்ந்தவர்கள் கயிற்றின் நீளத்தை நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் வைத்து, முடிச்சில்லாமல், மேலிருந்தே கயிற்றைத் தளர்த்தி விடக்கூடிய பிடிப்பில் இறக்குவார்கள். முடிச்சைப் போடுவதா வேண்டாமா என்பதற்குக் காரணம் தெரிந்தவரோடு மட்டும் அருவிக்குப் போங்கள்.

நீரின் நிறம் தெளிவிலிருந்து பழுப்பாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் வெளியேறுங்கள்.

இறங்கிய பிறகு கயிற்றை எப்படி எடுப்பது?

இரண்டு கயிறுகளைச் சேர்த்து இரட்டையாக விட்டிருந்தால், அவற்றைச் சேர்க்கும் முடிச்சு இருக்கும் பக்கத்தை இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை மேலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு இறங்குங்கள். இழுக்கும் முன் நுனி முடிச்சுகளை அவிழ்க்க மறக்காதீர்கள். இரண்டு கயிறுகளைச் சேர்க்க, முப்பது செ.மீ. வால் விட்டுப் போடும் சாதாரண ஒற்றை முடிச்சு நல்லது. பாறையில் திரும்பிப் படுத்து விளிம்பில் சிக்காமல் வரும். அதே பாணியில் எட்டு முடிச்சைப் போட்டுவிடாதீர்கள், பாரத்தில் உருண்டு உருண்டு நுனியிலிருந்து கழன்றுவிடும். கயிறு விழும்போது கல்லும் கூட வரும்.

‘கல்!’ என்று மேலிருந்து யாராவது கத்தினால் நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த மொழியில் கத்துவது என்பதைக் குழு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். நம் சொல் ஒற்றை அசைதான், வசதி.

கயிறு எத்தனை ஆண்டு உழைக்கும்?

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். வாரந்தோறும் குழுக்களை இறக்கும் கயிறு ஓரிரு ஆண்டிலேயே ஓய்வு கேட்கும். ஒவ்வொரு முறையும் முழு நீளத்தையும் விரலுக்கிடையே உருவிப் பாருங்கள்: எங்காவது மெலிந்தோ, உப்பியோ, மடித்தால் காகிதம்போல ஒடிந்தோ இருந்தால் அதைத் துணி காயப் போடக் கொடுத்துவிடலாம். பேட்டரி அமிலம் நைலானை ஓசையில்லாமல் கொல்லும். வெளியே கறைகூடத் தெரியாமல் இருக்கலாம். காரின் பின்பெட்டியில் பழைய பேட்டரி பக்கத்தில் கயிற்றை வைக்காதீர்கள். கயிற்றை மிதிக்கக் கூடாது என்று திட்டுவதும் பக்தியால் அல்ல. மண்துகள் உறைக்குள் புகுந்து உள்ளிழையை அறுக்கும்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

முறையாகக் கற்க விரும்பினால் டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும், 1965இல் உத்தரகாசியில் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். பாறையேற்றமும் இறக்கமும் அதில் அடக்கம். கல்லூரி மாணவர்கள் என்சிசியில் இருந்தால், கேரளத்தின் நெய்யாறு அணைப் பகுதியில் நடக்கும் பாறையேற்ற முகாமைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் இருக்கும் பாறைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்கென்றே மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

வார இறுதிச் சுற்றுலா நடத்துபவர்களிடம் பணம் கட்டும் முன் மூன்றே கேள்விகள் கேட்கச் சொல்வேன். மேலிருந்து தனிப் பாதுகாப்புக் கயிறு உண்டா? கயிறு எந்த ஆண்டு வாங்கியது? நடுவில் ஒருவர் மயங்கினால் எப்படி இறக்குவீர்கள்? ‘அப்படியெல்லாம் நடக்காது சார்’ என்று பதில் வந்தால் அந்தச் சனிக்கிழமை வீட்டில் தூங்கலாம்.

இந்தக் கருவிகள் எல்லாம் வருவதற்கு முன் எப்படி இறங்கினார்கள்?

உடம்பையே கருவியாக்கினார்கள். கயிற்றைக் காலிடுக்கில் விட்டு, ஒரு தொடையைச் சுற்றி, மார்பின் குறுக்கே எடுத்து, எதிர்த்தோளின் மேல் போட்டுப் பின்னால் பிடித்துக்கொள்வது ஹான்ஸ் டூல்ஃபர் என்ற ஜெர்மன் மலையேறியின் பெயரால் வழங்கும் முறை. அவர் முதல் உலகப் போரில் 1915இல் இறந்தார். ஆபத்துக் காலத்துக்குத் தெரிந்துவைத்திருக்கலாம். ஒருமுறை செய்து பார்த்தவர் தொடையைத் தடவிக்கொண்டே ஹார்னஸுக்கு நன்றி சொல்வார்.

நீலகிரியில் குறும்பரும் இருளரும் மலைத்தேனீக் கூடுகளுக்காகச் செங்குத்துப் பாறைகளில் கொடியால் செய்த கயிற்றிலும் ஏணியிலும் இறங்கிவந்தார்கள். ஹார்னஸ் இல்லை, எட்டு வளையம் இல்லை, கூடவே புகையும் தேனீயும். மேலே கயிற்றைக் காப்பவர் யார் என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்: அது மனைவியின் சகோதரன். தன் அக்கா தங்கை தாலியறுப்பதை அவன் விரும்ப மாட்டான். தரச்சான்று முத்திரை இல்லாத காலத்துத் தரச்சான்று.

மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கிறேன். கழற்ற வேண்டுமா?

வேண்டாம், முடிச்சுகளைப் பார்க்க வேண்டுமே. பின்பக்கம் ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைக் கீழே விட்டுவிட்டு வாருங்கள்.